வீரமாதேவியின் தாகம்

ஆண்டுதோறும் எங்கள் பகுதிப் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஒரு நாள் உலா உண்டு. அரியலூரிலிருந்து புறப்படும் பேருந்து, சிமெண்ட் ஆலைகளின் புகைபோக்கிகளையும் சுண்ணாம்புக்கல் லாரிகள் கிளப்பும் வெண்புழுதியையும் கடந்து, செயங்கொண்டத்து முந்திரிக் காடுகளுக்குள் நுழையும். வழியெல்லாம் பாட்டும் கூச்சலும்தான். ஆனால் தூரத்தில், வயல்வெளிக்கு மேலே அந்த விமானம் தலை நீட்டியதும் பேருந்து அடங்கிவிடும். கங்கைகொண்ட சோழபுரம்! ஆயிரம் ஆண்டுகளாக நிற்கும் அந்தக் கல்லின் முன்னே, பன்னிரண்டு வயதுக் குறும்பனும் வாயடைத்து நிற்கிறான்.

நானும் சளைக்கவில்லை. நிழல் பார்த்துப் பிள்ளைகளை அமர்த்திவிட்டுப் பேசத் தொடங்கினேன். 1014இல் அரியணை ஏறியவன். தந்தை இராசராசன் வென்ற நாட்டைக் காத்ததோடு அமையாமல், படையை வடக்கே கங்கை வரை அனுப்பியவன். 1025இல் கடல் கடந்து கடாரத்தை வென்றவன். தோற்ற மன்னர் தலைகளில் கங்கை நீரைச் சுமக்க வைத்து, அந்த நீரைக் கொண்டு ஏரி கண்டவன் – என்று அடுக்கிக்கொண்டே போனேன். என் குரலே எனக்கு மேடைக் குரலாய் ஒலித்தது. சோழகங்கம் என்று அவன் பெயரிட்ட ஏரி, இன்று பொன்னேரி என்ற பெயரில் ஊருக்கு மேற்கே கிடக்கிறது. தூண் நாட்டி வெற்றியைச் சொன்னவர் பலர். தண்ணீரையே வெற்றித் தூணாக நிறுத்தினான் இவன் என்று திருவாலங்காட்டுச் செப்பேடு புகழ்வதையும் சொன்னேன். பையன்கள் கைதட்டினார்கள்.

அப்போதுதான் பின்வரிசையிலிருந்து ஒரு பெண்குழந்தை எழுந்தது.

"சார், அவங்க வூட்ல பொம்பளைங்களே இல்லையா சார்?"

சிரிப்பு எழுந்தது. நானும் சிரித்தேன். "இருந்தார்கள் அம்மா" என்றேன். "பேரு என்ன சார்?" என்றாள் அவள், விடாமல்.

தோழர்களே, வரலாற்றைப் பாடமாக எடுத்துப் பட்டம் பெற்றவன் நான். இராசேந்திரன் வென்ற நாடுகளின் பட்டியலைக் கண்ணை மூடிக்கொண்டு ஒப்புவிப்பேன். அவன் மனைவியர் பெயரைக் கேட்டபோது நாக்கு ஒட்டிக்கொண்டது. ஏதோ சொல்லிச் சமாளித்தேன். ஆசிரியன் சமாளிக்கிறான் என்பதைப் பிள்ளைகள் அறியாமல் இருப்பார்களா?

அன்றிரவு புத்தகங்களைப் புரட்டினேன். அவனது மெய்க்கீர்த்தியை முதலில் எடுத்துப் பார்த்தேன். என்ன வியப்பு! அதன் தொடக்கமே பெருந்தேவியரைப் பற்றியதுதான். ஆனால் யார் அந்தத் தேவியர்? நிலமகள் ஒருத்தி, போர்மகள் ஒருத்தி, புகழோடு கூடிய செல்வமகள் ஒருத்தி. பிடித்த மண்ணும், பெற்ற வெற்றியும், குவித்த பொருளும் மன்னனுக்கு மனைவியராக வீற்றிருக்க, அவனோடு வாழ்ந்த ஊனும் உயிரும் கொண்ட பெண்களுக்கு அங்கே இடமில்லை. நாடு நாடாகப் பெயர் சொல்லிச் செல்லும் அந்த நெடும்பாட்டில், வீட்டுக்குள் இருந்த ஒருத்தியின் பெயரும் வரவில்லை.

ஆயினும் கல்வெட்டுகள் மெய்க்கீர்த்தியோடு முடிந்துவிடுவதில்லை. நிலம் கொடுத்தது, விளக்கு வைத்தது, ஆடு விட்டது என்று எழுதி வைத்த சிறு கல்வெட்டுகளில்தான் அரண்மனையின் உள்கட்டு திறக்கிறது. தாய் கொடும்பாளூர் வேளிர் குலத்து வானதி. அத்தை குந்தவை – தஞ்சையில் தந்தையின் பெயரால் மருத்துவமனைக்கு நிலம் விட்டவள். சிற்றன்னை பஞ்சவன் மாதேவி. அவள் மறைந்தபின் பழையாறையில் அவளுக்குப் பள்ளிப்படைக் கோயில் எடுத்தவன் இராசேந்திரன். பெற்றவள் அல்லாத ஒருத்திக்கு மகன் எழுப்பிய அந்தச் சின்னக் கோயிலைப் பட்டீசுவரத்தருகே இன்றும் காணலாம். பிறகு திருவாரூர்க் கோயில் கல்வெட்டில் பரவை நங்கை வருகிறாள். அவள் அரசனுக்கு அணுக்கி. அவனும் அவளும் சேர்ந்து நின்ற இடத்தில் விளக்கெரிய ஏற்பாடு செய்யப்பட்டது. விழுப்புரத்துக்கு அருகே ஓர் ஊரே அவள் பெயரால் பரவைபுரம் என்று வழங்கியது. மாமன்னன் கல்லாய்ச் சமைந்தவன் அல்லன், நெஞ்சுடையவன்தான் என்று இவற்றைப் படிக்கும்போது தோன்றாமல் போகாது.

மக்களும் உண்டு. மூவர் அடுத்தடுத்து அரசாண்டனர். மூத்தவன் இராசாதிராசன் 1054இல் கொப்பத்துப் போர்க்களத்தில் யானை மேலிருந்தபடியே மாண்டான். தம்பி அந்தக் களத்திலேயே முடி சூடிக்கொண்டு போரைத் தொடர்ந்தான். மகள் அம்மங்கை வேங்கி நாட்டுக்கு மணமுடித்து அனுப்பப்பட்டாள். அவளுக்கு முன் அவள் அத்தையும் அதே வேங்கிக்குத்தான் போனாள். ஆற்றுக்கு அப்பால் உள்ள நாட்டைப் பிடியில் வைத்திருக்க வாள் ஒரு கருவி, மகள் ஒரு கருவி. அந்த அம்மங்கையின் மகன் 1070இல் சோழ அரியணையில் ஏறிக் குலோத்துங்கன் ஆனான் என்பது வேறு கதை.

இத்தனையும் படித்தபின் பிரமதேசத்துக் கல்வெட்டுக்கு வந்தேன். அங்கே நின்றுவிட்டேன்.

பிரமதேசம் இங்கில்லை, வடக்கே, செய்யாற்றுப் பக்கம் இருக்கும் சிற்றூர். அங்குள்ள சிவன் கோயிலில் இராசாதிராசனின் 26ஆம் ஆட்சியாண்டில், அதாவது 1044இல் வெட்டப்பட்ட ஒரு கல்வெட்டு உண்டு. இராசேந்திரன் இறந்த ஆண்டு அது. மன்னன் உடல் அடங்கிய இடத்திலேயே தேவி வீரமாதேவியாரும் உயிர் நீத்து அடங்கினார் என்ற செய்தியை அது தருகிறது. வரலாற்றாசிரியர்கள் இதை உடன்கட்டை என்றே கொள்கின்றனர். அதோடு முடியவில்லை. வீரமாதேவிக்கு உடன்பிறந்தான் ஒருவன் இருந்தான்: மதுராந்தகனான பரகேசரி வேளான். சோழப் படையின் சேனாபதி. அவன் அந்த இடத்தில் ஓர் அறம் செய்தான். கோயில் எடுக்கவில்லை. பொன் விளக்கு வைக்கவில்லை. அங்கே அடங்கியவர்களின் தாகம் தணிய, தண்ணீர்ப் பந்தல் வைத்தான்.

தண்ணீர்ப் பந்தல் வைப்பது நம் நாட்டில் வழக்கமான அறந்தானே, கோடையில் இன்றும் வைக்கிறோமே, இதில் என்ன இருக்கிறது என்று கேட்கலாம். இருக்கட்டும். எத்தனையோ அறங்கள் அக்காலத்தில் இருந்தன. நந்தா விளக்கு இருந்தது, நந்தவனம் இருந்தது, உணவிடும் சாலை இருந்தது. அத்தனையும் இருக்க, தீயில் இறங்கிய சகோதரிக்காக அந்தப் படைத்தலைவனின் கை எதைத் தேடிப் போயிற்று? தண்ணீரை. கங்கை வரை சென்ற படையின் தலைவர்களுள் ஒருவன், ஆயிரம் யானைகளை அணிவகுக்கச் சொல்லக்கூடியவன், தன் உடன்பிறந்தாளை நோக்கிச் செல்லும் நெருப்பைத் தடுக்கவில்லை. தடுக்க முடியவும் இல்லை. அது அடங்கியபின் ஒரு குடம் தண்ணீரோடு வந்து நின்றான். எனக்கு இந்தக் கல்வெட்டு அப்படித்தான் தெரிகிறது. தவறாக இருந்தால் அறிஞர்கள் திருத்தட்டும்.

இதை நண்பர்களிடம் சொன்னபோது மூன்று விதமான விடைகள் வந்தன. அவற்றைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரையே.

முதல் விடை, என்னோடு பணிபுரியும் மூத்த ஆசிரியர் ஒருவர் தந்தது. "தம்பி, அது அந்தக் காலத்து வழக்கம். இந்தக் காலத்து அளவுகோலை எடுத்துக்கொண்டு அந்தக் காலத்தை அளக்கலாமா?" என்றார். நியாயம்போல் ஒலிக்கும் வாதம். ஆயிரம் ஆண்டுக்கு முந்தியவனிடம் போய் இன்றைய சட்டத்தை நீட்டுவது முறையன்று. ஆகவே நான் இன்றைய அளவுகோலை எடுக்கவில்லை. அந்தக் குடும்பத்தின் அளவுகோலையே எடுக்கிறேன்.

எங்கள் அரியலூர் மாவட்டத்தில், திருமழபாடிக்கு அருகே கண்டிராதித்தம் என்றோர் ஊர் உண்டு. கண்டராதித்த சோழனின் பெயரால் அமைந்த ஊர். அந்தக் கண்டராதித்தன் 957இல் இறந்தான். அவன் தேவி செம்பியன் மாதேவி, கைக்குழந்தையோடு கைம்பெண் ஆனாள். அவளைத் தீ அழைக்கவில்லையா? அழைத்ததோ இல்லையோ, அவள் போகவில்லை. வாழ்ந்தாள். நாற்பது ஆண்டுக்கு மேல் வாழ்ந்தாள். செங்கல்லாய்ச் சிதைந்து கிடந்த கோயில்களைக் கற்றளிகளாக்கினாள். கோயில் கட்டியதைப் பாராட்ட நான் வரவில்லை. அது அவள் நம்பிக்கை, அவள் பொருள். ஒன்றை மட்டும் சொல்கிறேன். கணவனை இழந்த ஒருத்தி, சோழ நாட்டில், மக்கள் நடுவில், நான்கு அரசர் காலம் மதிப்போடு நடமாடினாள். கைக்குழந்தையாய் இருந்த மகன் வளர்ந்து உத்தம சோழனாய் அரியணை ஏறியதையும் கண்டாள். அவளை யாரும் பழித்ததாகக் கல்வெட்டு இல்லை.

அதே குடும்பத்தில் அவளுக்கு மருமகள் முறையாக வந்தவள் வானவன் மாதேவி. சுந்தர சோழனின் தேவி, இராசராசனின் தாய், இராசேந்திரனுக்குப் பாட்டி. சுந்தர சோழன் இறந்தபோது அவள் பால்குடி மறவாத பிள்ளையைப் பிரிந்து கணவனோடு மாண்டாள் என்று திருக்கோவலூர்க் கல்வெட்டு பாடுகிறது. ஆம், பாடுகிறது; மகன் இராசராசனின் புகழ்ப்பாட்டின் ஓர் உறுப்பாக. மகள் குந்தவை பின்னாளில் தஞ்சைப் பெரிய கோயிலில் தந்தைக்கும் தாய்க்கும் படிமம் எடுப்பித்தாள். பால் மறவாத பிள்ளை அதன்பின் யார் கையில் பால் குடித்தது என்பதைச் சொல்ல ஒரு கல்லும் இல்லை.

இப்போது சொல்லுங்கள். ஒரே குடும்பம், ஒரே நூற்றாண்டு. ஒருத்தி வாழ்ந்தாள், ஒருத்தி மாண்டாள். வாழ்ந்தவளை ஊர் ஏற்றது. ஆகவே வேறு வழியே தெரியாத காலம் அன்று அது. வாழும் வழி கண்முன்னே இருந்தது. அந்த வீட்டில் மருமகளாய் வந்த வீரமாதேவிக்கு இரண்டு கதையும் தெரிந்திருக்கும், இராசேந்திரனுக்கும் தெரிந்திருக்கும், அவன் பிள்ளைகளுக்கும் தெரிந்திருக்கும். வழக்கம் என்பது வானத்திலிருந்து விழுந்த கட்டளை அன்று. ஒவ்வொரு சாவின்போதும் சுற்றி நின்றவர்கள் புதிதாய் எடுத்த முடிவு அது. முடிவு எடுத்தவர்களை, 'காலம்' என்ற பொதுப்பெயருக்குப் பின்னே ஒளித்து வைப்பதற்குத்தான் அந்த வாதம் உதவுகிறது.

இரண்டாம் விடை: "அவள் விரும்பிச் செய்தாள். கணவன் மீது கொண்ட அன்பு. அதைக் கொச்சைப்படுத்தாதே." இதைச் சொன்னவர் முற்போக்காளர், அதுவும் தமிழ்ப் பற்றாளர். புறநானூற்றுப் பெருங்கோப்பெண்டை அவர் சான்றுக்கு அழைத்தார். பூதப்பாண்டியன் இறந்தபோது தீப்பாய்ந்த தேவி. அவள் பாடிய பாட்டு நம்மிடம் இருக்கிறது. விரும்பித்தான் போனாள் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா என்று கேட்டார்.

நண்பரே, பாட்டை மறுபடி படியுங்கள் என்றேன். அந்தப் பாட்டு யாரை நோக்கிப் பேசுகிறது? அவளைத் தடுக்க வந்த சான்றோரை நோக்கி. ஆக, சங்க காலத்திலேயே தடுப்பவர் இருந்தனர், இது முதற்செய்தி. அவள் கூறும் காரணம் என்ன? கணவன் இல்லாத வாழ்வு வெறுமை என்பதோடு நிறுத்தவில்லை. கைம்பெண்ணுக்கு ஊர் விதித்திருந்த உணவை விரித்துரைக்கிறாள்: நெய்யில்லாத பழஞ்சோறு, வேளைக்கீரை. படுக்கையைச் சொல்கிறாள்: பாய் கூட இல்லாத பருக்கைக்கல். இதற்குத் தீயே தேவலை என்கிறாள். கல் படுக்கை ஒருபுறம், நெருப்புப் படுக்கை மறுபுறம். இரண்டில் ஒன்றைத் தேர்ந்துகொள் என்று நிறுத்திவிட்டு, அவள் தேர்ந்தபின் 'அவள் விருப்பம்' என்று கைகழுவுவதா? அன்பு இருந்திருக்கும், மறுக்கவில்லை. ஆனால் அன்புள்ள கணவர்கள் யாரும் மனைவியின் சிதையில் ஏறியதாகத் தமிழ்நாட்டுக் கல்வெட்டில் நான் படித்ததில்லை. அன்பு ஆணுக்குக் குறைவா? அல்லது, மனைவியை இழந்த ஆணுக்கு யாரும் கல் படுக்கை போடவில்லையா?

செம்பியன் மாதேவி ஏன் வாழ முடிந்தது என்று எண்ணிப் பார்த்தேன். அவள் மனத்திண்மை ஒரு காரணம் என்றால், அரியணைக்கு உரிய ஆண்பிள்ளை மடியில் இருந்தது இன்னொன்று. தானே கொடுக்கவும் கட்டவும் கையில் பொருள் இருந்தது மூன்றாவது. அதாவது அவளுக்குப் பருக்கைக்கல் விதிக்கப்படவில்லை.

கல்லூரியில் ஆங்கில நாட்டு வரலாறும் படித்தேன். அதில் இராசேந்திரனுக்குச் சமகாலத்தவன் ஒருவன் வருவான்: கான்யூட். 1016 முதல் 1035 வரை இங்கிலாந்தை ஆண்டவன்; டென்மார்க்கும் நார்வேயும் அவன் ஆட்சிக்குள் வந்தன. அவனும் கடல் கடந்து வென்றவன்தான். கடலலையை நில் என்று அதட்டி, அது நில்லாததைக் காட்டி, அரசன் ஆணை இவ்வளவுதான் என்று துதிபாடிகளுக்குப் பாடம் புகட்டினான் என்ற கதை அவன் இறந்து நூறாண்டு கழித்து எழுதப்பட்டது. நடந்ததோ இல்லையோ, நல்ல கதை. அவன் தேவி எம்மா. நார்மண்டி நாட்டுப் பெண். முதலில் எதெல்ரெட் மன்னனுக்கு மனைவி. அவன் 1016இல் இறந்தான். அடுத்த ஆண்டே, அவனை எதிர்த்துப் போரிட்ட கான்யூட்டை மணந்தாள். கான்யூட்டும் இறந்தபின் மேலும் 17 ஆண்டு உயிரோடிருந்தாள். தன் புகழ் பாடும் நூல் ஒன்றை ஒரு துறவியைக் கொண்டு எழுதுவித்தாள். அந்த நூல் இன்றும் இருக்கிறது. வேடிக்கை என்னவென்றால், அந்த நூலில் அவளுடைய முதல் கணவனின் பெயரே இல்லை!

மேலைநாட்டார் உயர்ந்தவர், நாம் தாழ்ந்தவர் என்று சொல்ல இதைக் கொண்டுவரவில்லை. அந்த எம்மாவின் மகன் ஆல்பிரெடை 1036இல் எதிரிகள் பிடித்துக் கண்களைக் குருடாக்கினர்; அவன் அதனாலேயே மாண்டான். அவளுடைய இன்னொரு மகன் எட்வர்ட் அரசனானதும், 1043இல் தாயின் நிலத்தையும் கருவூலத்தையும் பறித்துக்கொண்டான். அங்கும் அரச குடும்பம் அரச குடும்பந்தான். நான் பார்ப்பது வேறொன்றை. எம்மாவுக்கு நிலம் இருந்தவரை எம்மாவுக்குக் குரல் இருந்தது. நிலம் போனதும் அவள் குரல் அடங்கியது. ஆயினும் உயிரோடிருந்தாள், யாரும் சிதையைக் காட்டவில்லை. வாழ்வதற்குப் பொருளும் மறுமணத்துக்கு வழியும் உள்ள இடத்தில், 'விரும்பிச் சாகும்' பெண்கள் எப்படியோ குறைந்துவிடுகிறார்கள்!

1929இல் செங்கற்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு, பெண்ணுக்குச் சொத்தில் சம உரிமை வேண்டும், கைம்பெண் மறுமணம் வேண்டும் என்று தீர்மானம் போட்டபோது, சோற்றுக்கில்லாத நாட்டில் சொத்துப் பேச்சு எதற்கு என்று ஏளனம் செய்தவர்கள் உண்டு. அந்தச் சொத்துரிமை தமிழ்நாட்டில் சட்டமாக 1989 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அந்த அறுபது ஆண்டுக்குள் எத்தனை பருக்கைக்கல் படுக்கைகள்! 1829இல் ஆங்கில ஆட்சி உடன்கட்டையைத் தடை செய்தது. 1987இலும் இராசத்தானத்துத் தேவராலாவில் பதினெட்டு வயது ரூப் கன்வர் கணவனின் சிதையில் எரிந்தாள். விரும்பி ஏறினாள் என்றே அங்கும் சொன்னார்கள். அதன்பின் வந்த சட்டம், எரிப்பதை மட்டுமன்றி எரிந்ததைப் புகழ்வதையும் குற்றமாக்கியது. எழுதுகோல் பிடிப்பவர்கள் அந்த இரண்டாம் பகுதியை மறுபடி மறுபடி படிக்கவேண்டும்.

மூன்றாம் விடைதான் என்னை மிகவும் வருத்தியது. ஏனெனில் அது என் சொந்த நெஞ்சிலிருந்தும் வந்தது. பெரம்பலூரில் நடந்த படிப்பு வட்டத்தில் ஒரு தோழர் எழுந்து கேட்டார்: "தமிழனுக்கு வரலாறே இல்லை என்றவர்களின் முகத்தில் நாம் வீசிய பெயர் இராசேந்திரன். இன்று ஆளாளுக்கு அவனைச் சொந்தம் கொண்டாட வருகிறார்கள். 2025 சூலையில் இந்தியப் பிரதமரே கங்கைகொண்ட சோழபுரத்துக்கு வந்து, அவன் பெயரில் நாணயம் வெளியிட்டுப் போனார். இந்த நேரத்தில் அவன் வீட்டு அழுக்கை நீங்கள் தெருவில் போடுவானேன்?"

கைதட்டல் கிடைத்தது அவருக்கு. எனக்கு உடனே விடை வரவில்லை. பொன்னேரிக் கரையில் நிற்கும்போது என் நெஞ்சு விம்முவது பொய்யா? 16 மைல் நீளக் கரை என்று பத்தொன்பதாம் நூற்றாண்டுக் குறிப்புகள் கூறும் ஏரி அது. மாளிகைமேட்டில் 1980 தொடங்கித் தமிழகத் தொல்லியல் துறை தோண்டியெடுத்த செங்கல் சுவர்களைப் பார்க்கும்போது, இங்கே என் மொழி பேசியவன் அரண்மனை கட்டினான் என்று உடல் சிலிர்ப்பது பொய்யா? 1836இல் கொள்ளிடத்தின் கீழணைக்காக இந்தக் கோயிலின் கற்களைப் பெயர்த்துப் போனார்கள் என்று படித்தபோது வந்த சினம் பொய்யா? பொய்யில்லை. பகுத்தறிவாளன் என்பதால் நெஞ்சைக் கழற்றி வைத்துவிட்டேன் என்று சொன்னால்தான் பொய்.

ஆனால் அந்தப் பெருமிதத்தின் இலக்கணத்தைக் கொஞ்சம் பார்ப்போம். கங்கை வரை போனது யார்? 'நாம்' போனோம் என்கிறோம். கடாரம் கொண்டது யார்? 'நாம்' கொண்டோம். நானும் அந்தத் தோழரும் ஒரு நாளும் கப்பல் ஏறியதில்லை. இருந்தும் 'நாம்' என்கிறோம்; ஆயிரம் ஆண்டைத் தாண்டி உறவு கொண்டாடுகிறோம். கொண்டாடுவோம். அப்படியானால் பிரமதேசத்தில் சிதையைச் சுற்றி நின்றது யார்? அங்கே மட்டும் 'அவர்கள்', 'அந்தக் காலத்தார்' ஆகிவிடுகிறார்களா? நிலத்தை மகன் எடுத்துக்கொள்வான், கடனை ஊரார் கட்டவேண்டும் என்றால் எந்தப் பஞ்சாயத்து ஒப்பும்? உறவு வேண்டாம் என்றால் இரண்டையும் விட்டுவிடலாம், அதுவும் நேர்மைதான். வேண்டும் என்றால் இரண்டையும் ஏற்க வேண்டும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டியிருக்கிறது. சொன்னால் சிலருக்குக் கசக்கும். உடையார்குடிக் கல்வெட்டு நம் தோழர்களுக்கெல்லாம் மனப்பாடம். இராசேந்திரனின் பெரியப்பன் ஆதித்த கரிகாலனைக் கொன்றவர்களான சோமன், இரவிதாசன் கூட்டத்தாரின் பெயர்களும், 'பிரமாதிராசன்' என்ற பட்டங்களும், அவர்கள் நிலம் பறிக்கப்பட்டதும் அதில் உள்ளன. எத்தனை மேடைகளில் கேட்டிருப்போம்! எத்தனை கட்டுரை எழுதியிருப்போம்! தவறில்லை, எழுதவேண்டியதுதான். அந்தக் கொலையில் குற்றவாளிகள் நமக்கு வசதியானவர்கள். பிரமதேசத்துக் கல்வெட்டு எத்தனை பேருக்குத் தெரியும்? எந்த மேடையில் கேட்டோம்? அங்கே குற்றம் சுமத்த வெளியார் யாரும் இல்லை. மறையோதியவன் மந்திரம் சொல்லியிருப்பான் என்று தப்பிக்கலாம். ஆனால் அந்த மந்திரத்தை நிறுத்து என்று சொல்லும் வலிமை இந்த மண்ணில் யாருக்காவது இருந்ததென்றால், அது கங்கையும் கடாரமும் கொண்ட அந்த வீட்டாருக்குத்தான் இருந்தது. நமக்கு வசதியான கல்வெட்டை மட்டும் படிக்கத் தொடங்கினால், புராணக்காரனுக்கும் நமக்கும் என்ன வேறுபாடு? அவனும் அப்படித்தானே படித்தான்?

மாற்றாருக்குத் தடியெடுத்துக் கொடுக்கிறோம் என்கிறார் தோழர். உண்மையை நாம் சொன்னால் அது நம் கையில் இருக்கும். நாம் மறைத்து அவர்கள் சொன்னால் அது அவர்கள் கையில் தடியாகும். அதைவிட முதன்மையான ஒன்று இருக்கிறது. நம் படிப்பு வட்டத்தில் முன்வரிசையில் அன்று ஏழெட்டுப் பெண்கள் இருந்தார்கள். கைதட்டல் எழுந்தபோது அவர்களில் யாரும் தட்டவில்லை என்பதைக் கண்டேன். 'நாம்' கங்கை கொண்டோம் என்று சொல்லும்போது அந்த 'நாம்' அவர்களையும் சேர்த்துத்தானா? சேர்த்தென்றால், அவர்களுக்குக் கிடைத்த பங்கு என்ன என்று அவர்கள் கேட்கும் நாளில் எதைக் காட்டுவோம்? மெய்க்கீர்த்தியில் வரும் நிலமகளையா?

உடன்பிறந்தானுக்கே திரும்பி வருகிறேன். பரகேசரி வேளானை நான் வீரன் என்று சொல்லமாட்டேன். வாளிருந்தும் தடுக்காதவன். ஆனால் 'காலத்தின் வழக்கம்' என்று வாதாடும் என் மூத்த நண்பருக்கு அவன்தான் எதிர்ச்சாட்சி. அந்தக் காலத்தின் நடுவிலேயே, அந்தக் காலத்தின் படைத்தலைவன் ஒருவனுக்கு, அங்கே அடங்கியவர்களுக்குத் தாகம் இருக்கும் என்று தோன்றியிருக்கிறது. தேவலோகம் போய்விட்டாள், அமுதம் உண்பாள் என்று ஊர் சொல்லியிருக்கும். அமுதம் உண்பவளுக்குத் தண்ணீர் எதற்கு?

தோழருக்கு இதையெல்லாம் அன்று கோவையாகச் சொல்ல முடியவில்லை, பாதிதான் சொன்னேன். மீதியை இங்கே எழுதுகிறேன். கூட்டம் முடிந்து அவரும் நானும் பெரம்பலூர்ப் பேருந்து நிலையம் வரை நடந்தோம். வழியில் தேநீர் குடித்தபோது, "அந்தக் கல்வெட்டு எந்த ஊர் என்றீர்கள்?" என்று கேட்டுக் குறித்துக்கொண்டார். ஒப்புக்கொண்டார் என்று சொல்லமாட்டேன்.

பள்ளிக்குத் திரும்பியதும், கேள்வி கேட்ட அந்தப் பெண்ணை அழைத்துக் கரும்பலகையில் பெயர்களை எழுதச் சொன்னேன். வானதி. குந்தவை. பஞ்சவன் மாதேவி. பரவை நங்கை. அம்மங்கை. வீரமாதேவி. கடைசிப் பெயருக்கு எதிரே பிரமதேசம், 1044 என்று எழுதி, நடந்ததைச் சொன்னேன். வகுப்பு அமைதியாயிருந்தது. கைதட்டல் இல்லை. பையன் ஒருவன் மட்டும் கேட்டான்: "அந்தத் தண்ணீர்ப் பந்தல் இப்பவும் இருக்கா சார்?"

இல்லை என்றேன்.